பதினைந்தாவது ஆள்

(கொலன்னாவையில் ஒரு சனிக்கிழமை மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளியே மழை. கொலன்னாவையில் மழை பெய்தால் மனம் முதலில் வீட்டு வாசல்படியைத்தான் நினைக்கும். 2016 மே மாதம் களனி கங்கை வீட்டுக்குள் வந்ததை மறந்தவர் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார். அப்படியிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

பேசத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். இதோ மேசையில் ஒரு பந்து. இதை முன்வரிசையில் இருக்கும் ஐயாவிடம் கொடுக்கிறேன். நான் பேசி முடிக்கும்வரை இது கைக்குக் கை மாறி மண்டபம் முழுக்கச் சுற்றி வரட்டும். ஆறுதலாகப் பிடித்துப் பாருங்கள். நுனியைத் தடவிப் பாருங்கள். அம்மாமார் பிடிக்கலாம், மடியில் இருக்கும் பிள்ளை பிடிக்கலாம், ஒருவருக்கும் விலக்கில்லை. கீழே விழுந்தால் விழட்டும். எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகப் பேச்சு நிற்காது.

நான் பேச வந்தது றக்பியைப் பற்றி. றக்பி என்றதும் உங்கள் கண்ணில் என்ன தெரிகிறது? கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயம் தெரியும். 1920இல் தொடங்கிய போட்டி. 1945இலிருந்து கேடயத்தோடு நடக்கிறது. கொடி கட்டிய வாகனங்கள், மேளம், பழைய மாணவர்கள், தொலைக்காட்சி. அது பெரிய வீட்டுக் கல்யாணம். ஊரே போகும், பத்திரிகையில் படம் வரும். போகட்டும், வரட்டும். நானும் போய்க் கைதட்டியிருக்கிறேன்.

இன்று நான் பேசுவது படம் வராத போட்டிகளைப் பற்றி. பாடசாலை றக்பியில் முதலாம் பிரிவுக்குக் கீழே இரண்டாம் பிரிவு இருக்கிறது, அதற்கும் கீழே மூன்றாம் பிரிவு இருக்கிறது. கழகங்களில் 'ஏ' பிரிவுக்குக் கீழே 'பி' பிரிவு இருக்கிறது. அங்கே சம்பளம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. சனிக்கிழமை காலையில் யாரோ ஒருவர் சுண்ணாம்புத் தூள் கொட்டிக் கோடு போடுவார். உதைபந்தாட்டக் கம்பத்தின் இரு பக்கமும் மூங்கில் கட்டி உயர்த்துவார்கள். வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில் மற்ற ஊர்க்காரர் வந்து இறங்குவார்கள். பார்ப்பதற்கு ஐம்பது பேர், அதில் பாதி வீட்டுக்காரர். ஒரு வாளியில் தண்ணீர். ஒரு பையில் நான்காக வெட்டிய தோடம்பழம்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கப்டன் தன் ஆட்களை எண்ணுவான். ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. எண்ணிவிட்டு வீதியைப் பார்ப்பான். திரும்ப எண்ணுவான். திரும்பவும் பதினான்கு.

றக்பிக்குப் பதினைந்து பேர் வேண்டும். அந்தப் பதினைந்தாவது ஆள் எங்கே? ஏன் இன்னும் வரவில்லை? கீழ்ப்பிரிவு றக்பியின் கதை முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. இன்றைய என் பேச்சும் அதைப் பற்றித்தான்.

இந்தக் கேள்வி நம் காலத்தில் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கல்கத்தாவில் 1870களில் வெள்ளைக்காரர் ஒரு றக்பிக் கழகம் வைத்திருந்தார்கள். பட்டாளம் இடம் மாறியது, மிஞ்சியவர்களுக்குப் போலோவிலும் டென்னிசிலும் நாட்டம் போனது, ஆட ஆள் இல்லாமல் போயிற்று. கழகத்தை மூடினார்கள். வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மூடியில் யானை, பிடிகளில் நாகபாம்பு. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் இன்றுவரை ஆடுவது அந்தக் கிண்ணத்துக்குத்தான். கல்கத்தாக் கிண்ணம் என்று உலகமே கொண்டாடுகிறது. எனக்கோ அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆள் சேராமல் மூடிய ஒரு கழகத்தின் கல்லறைக் கல்லைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அந்தக் கிண்ணத்துக்கு முதல் ஆட்டம் நடந்தது 1879இல். அதே 1879இல்தான் நம் கொழும்பில் கொழும்பு ஃபுட்போல் கிளப் தொடங்கியது. அங்கே ஒன்று முடிந்த கையோடு இங்கே ஒன்று தொடங்கியது. ஆனால் யாருக்காக? துரைமாருக்காக, வணிகக் கம்பனிக்காரருக்காக, பட்டாளத்துக்காரருக்காக. உள்ளூர்க்காரனுக்கு அங்கே வேலை இருந்தது, இடம் இருக்கவில்லை.

கொஞ்சம் கண்டிக்கு வாருங்கள். 1891 மே மாதம் எல்.ஈ. பிளேஸ் என்ற பறங்கியர் ஒரு பாடசாலை தொடங்குகிறார். பின்னாளில் கிங்ஸ்வுட் கல்லூரி என்று பெயரெடுத்த பாடசாலை. தொடங்கிய நாளில் எத்தனை மாணவர் தெரியுமா? 11 பேர். அந்த வருடமே பிளேஸ் அங்கே றக்பியைக் கொண்டுவருகிறார். இந்த நாட்டில் றக்பி ஆடிய முதல் பாடசாலை அதுதான். யோசித்துப் பாருங்கள். முழுப் பாடசாலையும் மைதானத்தில் இறங்கினாலும் பதினைந்து வராது! எதிரணி? அதற்கு இன்னும் 15 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1906இல்தான் திரித்துவக் கல்லூரி எதிரே வந்து நின்றது. நாட்டின் முதலாவது பாடசாலைகளுக்கிடையிலான றக்பிப் போட்டி. இரண்டு பக்கமும் 6 புள்ளி, வெற்றி தோல்வி இல்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1908இல், இலங்கை றக்பிச் சங்கம் பிறக்கிறது.

ஆள் இல்லை என்று பிளேஸ் பந்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால்? எதிரணி இல்லை என்று கைவிட்டிருந்தால்? கண்டிக்கு இன்று இருக்கும் பெயர் இருந்திருக்குமா? இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய பஸீல் மரிஜா, கண்டிக் கழகத்தின் கப்டன், படித்த பாடசாலை அந்தக் கிங்ஸ்வுட்தான். 11 பிள்ளைகளோடு தொடங்கிய இடம்.

இனி மலைநாட்டுக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள், என் வேர் அங்கே இருக்கிறது.

தேயிலை எங்கே போனதோ அங்கேயெல்லாம் துரைமார் ஒரு கழகம் கட்டினார்கள். ரதல்லையில் டிம்புள்ளக் கழகத்தின் மைதானம். தரவளையில் டிக்கோயா மஸ்கெலியாக் கழகத்தின் மைதானம். பதுளையில் ஊவாக் கழகம். அவிசாவளையில் களனிப் பள்ளத்தாக்குக் கழகம். அந்த மைதானங்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிவரச் சரிவு, சரிவெல்லாம் தேயிலை, நடுவில் தண்ணீர் ஊற்றினால் ஓடாமல் நிற்கும் அளவுக்கு மட்டமான பச்சை. மலைச்சரிவில் மட்டமான நிலம் தானாக வருமா? வெட்டியது யார்? கல் சுமந்தது யார்? புல் பதித்தது யார்?

என் தாத்தா அப்படியொரு கழகத்தில் புல்லு வெட்டியவர். எந்தக் கழகம் என்பது இங்கே வேண்டாம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளி பொழுது சாய்வதற்குள் புல் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், சுண்ணாம்புக் கோடு நூல் பிடித்த மாதிரி விழுந்திருக்க வேண்டும். 25 யார் கோடு எங்கே, நடுக்கோடு எங்கே, கம்பம் எத்தனை அடி, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆட்டம் என்னவென்று கேட்டால், "தொரமாருங்க ஒரு பந்துக்கு அடிபுடி படுவாங்கப்பா" என்பார். அவ்வளவுதான். அந்த மைதானத்தின் ஒவ்வொரு கோட்டையும் போட்ட மனிதர், ஒரு நாளும் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்து ஆடியதில்லை. பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் விழுந்தால் எடுத்து எறிவார். அந்தப் பந்தை அவர் தொட்டது அப்போது மட்டும்தான்.

கொழும்பிலும் கதவு இறுக்கமாகத்தான் இருந்தது. அதனால்தான் 1922இல் இந்த நாட்டுக்காரர் தமக்கென்று சி.ஆர். அண்ட் எஃப்.சி. கழகத்தைத் தொடங்கினார்கள். உன் வீட்டுக்குள் விடமாட்டாயா, சரி, நாங்கள் ஒரு வீடு கட்டுகிறோம் என்று கட்டிய வீடு அது. அந்தக் கழகம் இருக்கும் லோங்டன் பிளேஸ் இங்கிருந்து எவ்வளவு தூரம்? மழை இல்லாவிட்டால் முச்சக்கரவண்டியில் இருபது நிமிடம். அந்தக் கழகத்துக்கு ஆடியவர்களில் ஒரு தமிழர் பெயரை இந்த மண்டபத்துப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சும்மா நவரத்தினம். 1950களில் ஆசியாவின் அதிவேக ஓட்டக்காரர் என்று பெயரெடுத்தவர். தடகளத்தில் ஓடிய அதே கால், விங் ஓரத்தில் பந்தோடும் ஓடியது. கழகத்துக்காகவும் ஓடியது, நாட்டுக்காகவும் ஓடியது. "றக்பி நமக்கு ஒத்துவராது" என்று சொல்லும் அப்பாமாருக்கு நான் அந்தப் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வது. இன்னும் கிட்டே உதாரணம் வேண்டுமா? மருதானையில் ஸாஹிராக் கல்லூரி இருக்கிறது. தமிழ் பேசும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய மண்.

மலைநாட்டுக் கழகங்களுக்குப் பிறகு என்ன நடந்தது? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. துரைமார் கப்பலேறினார்கள். மைதானம் இருந்தது, கம்பம் இருந்தது, ஆள் இல்லை. ஒருகாலத்தில் கொழும்புக்காரரை நடுங்க வைத்த கழகங்கள் தேய்ந்துபோயின. கல்கத்தாவில் நடந்ததே இங்கேயும் நடந்தது. ஆனால் கல்கத்தாவில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. மைதானத்தைச் சுற்றி, லயங்களில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருந்தார்கள். திடமான கால், மலை ஏறிப் பழகிய மூச்சு. அவர்களை யாராவது முன்பே உள்ளே கூப்பிட்டிருந்தால்? பதினைந்தாவது ஆள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தான். கூப்பிடத்தான் ஆள் இருக்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு அடைக்கிறது.

நண்பர்களே, அது பழைய கதை. இன்று கொலன்னாவையில், வெல்லம்பிட்டியில், மட்டக்குளியில், கொட்டாஞ்சேனையில் அந்தப் பதினைந்தாவது ஆளைத் தடுப்பது எது?

முதல் தடை கூலி.

சனிக்கிழமை ஆட்டம். சனிக்கிழமை வேலையும் உண்டு. துறைமுகத்தில் கொள்கலன் இறக்கப் போகிறவன், மோட்டார் திருத்துமிடத்தில் நிற்கிறவன், கடையில் மூட்டை தூக்குகிறவன், ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாட்சம்பளம் இல்லை. ஆட்டம் ஆசைக்கு, அரிசி எதற்கு?

இதே கேள்வி இங்கிலாந்தையே இரண்டாகப் பிளந்தது தெரியுமா? வட இங்கிலாந்தில் றக்பி ஆடியவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். ஆட்டத்துக்குப் போனால் கூலி வெட்டு. வெட்டுப்பட்ட கூலியையாவது கழகம் தரலாமா என்று கேட்டார்கள். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை, இழந்ததைத்தான் கேட்டார்கள். இங்கிலாந்து றக்பிச் சங்கம் முடியாது என்றது. ஆசைக்கு ஆடுகிறவன் காசு தொடக்கூடாது என்றது. 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தில் ஒரு ஹோட்டலில் இருபதுக்கு மேற்பட்ட கழகங்கள் கூடி, நாங்கள் பிரிகிறோம் என்று பிரிந்து போயின. பிரிந்து போனவர்களின் ஆட்டம் பிற்பாடு பதின்மூன்று பேர் ஆடும் றக்பி லீக் ஆயிற்று. பிரியாமல் நின்ற றக்பி யூனியன், காசு கொடுத்து ஆடலாம் என்று ஒப்புக்கொள்ள 1995 ஓகஸ்ட் வரை சென்றது. 100 வருடம்! ஆசைக்கு ஆடு என்று சொல்வது நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல் பசித்தவன் காதில் எப்படி விழும் என்று சொன்னவர்கள் யோசிக்கவில்லை.

ஆகவே இந்த ஊரில் ஓர் அணி வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் பந்து வாங்க வேண்டாம். பஸ் காசுக்கு ஒரு உண்டியல் வையுங்கள். ஞாயிறு காலையில் பயிற்சி வையுங்கள். முதலாளிமார் யாராவது இங்கே இருந்தால், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அரைநாள் சம்பளத்தோடு ஒரு பையனை விடுங்கள். கேடயம் கொடுப்பதைவிட அது பெரிய உபகாரம்.

இரண்டாவது தடை ரியூஷன் வகுப்பு. இதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். சாதாரண தரப் பரீட்சை முக்கியம், யார் இல்லை என்றது? ஆனால் காலை ஆறரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணி வரை கதிரையில் இருத்தி வைத்த பிள்ளைக்கு வாரத்தில் மூன்று மணித்தியாலம் ஓடக் கொடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மூன்றாவது தடை பயம். தாய்மார்களே, இது உங்களுக்கு.

நான் உங்களுக்குப் பொய் சொல்லப் போவதில்லை. இது அடிபடும் ஆட்டம். விரல் முறியும், தோள் இறங்கும். தலையில் அடிபட்டால் அது விளையாட்டில்லை. ஆனால் டெக்கிள் போடுவது, அதாவது பந்தோடு ஓடி வருகிறவனைப் பிடித்து விழுத்துவது, என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்று நினைக்கிறீர்களே, அது சரியில்லை. அது சொல்லிக்கொடுத்துப் பழகும் வித்தை. ஊரில் சடுகுடு ஆடியவர்களுக்கு விளங்கும். பாடிக்கொண்டு வருகிறவனை எங்கே பிடித்தால் நிற்பான்? கழுத்திலா? தொடையில், கணுக்காலில். இதிலும் அப்படித்தான். பையனை முதலில் முழங்காலில் இருத்துவார்கள். எதிரே ஒருவன் மெதுவாக நடந்து வருவான். கண் அவன் இடுப்பில். தோள் அவன் தொடையில். தலை? இதுதான் முக்கியம். தலை அவனுக்கு முன்னால் போகக்கூடாது, பின்பக்கமாக, கன்னம் அவன் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். பிறகு இரண்டு கையும் சுற்றி இறுக்க வேண்டும். நூறு தடவை முழங்காலில். பிறகு குந்தியிருந்து. பிறகுதான் நின்று. ஓட்டத்தில் பிடிப்பது கடைசிப் பாடம்.

பல்லுக்குப் போடும் காப்பு ஒன்று இருக்கிறது. வாங்கும்போது குதிரை லாடம் மாதிரி வெறும் பிளாஸ்டிக். சுடுதண்ணீரில் போட்டு, இளகியதும் எடுத்து, ஆற்றி, வாய்க்குள் வைத்துக் கடித்து, கன்னத்துக்கு வெளியே விரலால் அழுத்தினால் அந்தப் பிள்ளையின் பல்லுக்கு அச்சாகப் பொருந்திவிடும். நாங்கள் எங்கள் முதல் காப்புகளைப் பொருத்தியது கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில். கடைக்கார நானா பிளேன்ரீ ஊற்றும் கேத்திலிலிருந்து ஒரு கோப்பையில் ஊற்றித் தருவார். பதினொரு பேர் வரிசையாக நின்று, வாயை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் முப்பது விநாடி கடித்துக்கொண்டு நின்றோம். கடையில் இருந்தவர்கள் என்னமோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் இந்தக் கீழ்ப்பிரிவுகள்தான் இப்போது உலகத்துக்கு வழிகாட்டுகின்றன. பிரான்சில் 2018இல் இளம் ஆட்டக்காரர் சிலர் மைதானத்தில் அடிபட்டு இறந்தார்கள். 2019இல் அந்த நாட்டுச் சங்கம், அமெச்சூர் றக்பியில் இடுப்புக்கு மேலே டெக்கிள் போடக்கூடாது என்று சட்டத்தை இறக்கியது. 2023இல் இங்கிலாந்து அடிமட்ட றக்பியில் நெஞ்செலும்பின் அடிக்குக் கீழேதான் பிடிக்கலாம் என்றது. கோடிக் கணக்கில் சம்பளம் வாங்குகிற மேல்தட்டு ஆட்டம் இன்னும் தோள் உயரத்திலேயே நிற்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டிய மனிதனுக்காகத்தான் சட்டம் முதலில் கீழே வந்தது. ஆகவே அம்மாமாரே, பயப்பட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பயத்தோடு வந்து கேள்வி கேளுங்கள். பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருக்கிறாரா? முதலுதவி தெரிந்தவர் மைதானத்தில் இருக்கிறாரா? தலையில் அடிபட்டதென்று சந்தேகம் வந்த பிள்ளையை அன்றைக்கே வெளியே எடுக்கிறார்களா, திரும்ப உள்ளே விடுகிறார்களா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் பிள்ளையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். நானே சொல்கிறேன்.

இனி என் கதை ஒன்று. நான் ஆடியது கீழ்ப்பிரிவு அணியொன்றில், இரண்டாம் வரிசையில். ஸ்க்ரமில் முன்னால் நிற்கும் மூன்று பேரின் இடுப்புகளுக்கிடையே தலையை விட்டுத் தள்ளுகிற வேலை. காது இரண்டும் இன்றுவரை அதற்குச் சாட்சி.

ஒரு சனிக்கிழமை வெளியூர் ஆட்டம். பஸ்ஸில் ஏறியவர்கள் பதின்மூன்று பேர். ஒருவனுக்குத் துறைமுகத்தில் இரட்டை வேலை. ஒருவனுக்கு அக்காவின் நிச்சயதார்த்தம். இருவர் ஏன் வரவில்லை என்றே தெரியாது. முன்வரிசையில் நிற்கப் பழகியவன் ஒருவனும் இல்லை. பழகாதவனை முன்வரிசையில் நிறுத்தி ஸ்க்ரம் தள்ள மத்தியஸ்தர் விடமாட்டார், கழுத்து முறியும். போட்டி போட முடியாது என்று எங்கள் கப்டன் சொன்னான். புள்ளி அவர்களுக்குப் போயிற்று. மத்தியஸ்தர் கடதாசியில் கையெழுத்து வைத்தார். நாங்கள் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினோம். மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் வந்த களைப்பு, அவமானம். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது அவர்களுடைய கப்டன் நடந்து வந்தான். சிங்களப் பொடியன், துண்டு துண்டாகத் தமிழ் பேசுவான். "எங்கட பெஞ்சில ரெண்டு பேர் இருக்கு. ஒங்களுக்கு தாறம். வெளயாடுவம்" என்றான். புள்ளி ஏற்கெனவே அவர்கள் கையில். அவர்களுக்கு இனி ஒரு லாபமும் இல்லை. தந்த இருவரில் ஒருவன் முன்வரிசைக்காரன். எங்கள் நிற உடுப்பு மேலதிகமாக இல்லாததால் இருவரும் தங்கள் மேலாடையை உள்பக்கம் வெளியே புரட்டிப் போட்டுக்கொண்டு எங்களோடு நின்றார்கள். தள்ளாத ஸ்க்ரமோடு ஆடினோம். போடுகிறவனுக்கே பந்து, வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பதுதான். அறுபது புள்ளிக்கு மேல் வாங்கினோம். எங்களுக்கு ஒரே ஒரு ட்ரை கிடைத்தது. ஐந்து புள்ளி. அதை வைத்தவன் யார்? மேலாடையைப் புரட்டிப் போட்ட அந்த இருவரில் ஒருவன்! தன் சொந்த அணியின் கோட்டுக்குள் விழுந்து எழும்பி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தான். அவனுடைய சொந்தக் கூட்டாளிகளே கைதட்டினார்கள்.

நான் பார்த்த பெரிய போட்டிகளில் யார் எத்தனை புள்ளி என்று பல எனக்கு மறந்துபோயிற்று. அந்தப் பையனின் முதுகில் வெளியே தெரிந்த தையல் கோடு மறக்கவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் சும்மா ஆட்டம் நடக்கிறது என்று எண்ணாதீர்கள். இந்த விளையாட்டின் புது வழிகளும் இங்கேதான் பிறந்திருக்கின்றன. ஸ்கொட்லாந்தில் மெல்ரோஸ் என்று ஒரு சின்ன ஊர். 1883. கழகத்தில் காசு இல்லை. இறைச்சிக் கடையில் வேலை செய்த நெட் ஹேய்க் என்பவர் ஒரு யோசனை சொல்கிறார். ஒரு பின்னேரத்துக்குள் பல அணிகளைக் கூப்பிட்டு ஆடினால் டிக்கெட் காசு சேரும். ஆனால் பதினைந்து பேரோடு அத்தனை ஆட்டம் நடத்த முடியாதே? ஆளைக் குறை, நேரத்தைக் குறை. ஏழு பேர் போதும். இறைச்சி வெட்டுகிறவரின் அந்த யோசனைதான் இன்று செவன்ஸ். 2016இல் றியோ ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுத்த ஆட்டம்.

அந்தச் செவன்ஸில் இலங்கைக்குக் கிடைத்த பெரிய பெயர் எது? 1984இல் ஹொங்கொங்கில் வென்ற 'போல்' கிண்ணம். போல் என்றால் என்ன? முதல் கிண்ணத்துக்கான வழியில் தோற்றவர்களுக்கு ஒரு கிண்ணம், அதிலும் வாய்ப்பில்லாதவர்களுக்கு இன்னொரு கிண்ணம். அந்தக் கீழ்வரிசைக் கிண்ணத்தை வென்றவர்களை நாடு இன்றும் பெருமையோடு நினைக்கிறது. நினைக்கத்தான் வேண்டும். காலையில் தோற்றவனை வீட்டுக்கு அனுப்பாமல், இரு, பின்னேரம் உனக்கும் ஒரு இறுதிப்போட்டி இருக்கிறது என்று சொல்கிற விளையாட்டு இது.

இந்த ஊருக்கு அந்தச் சொல் தேவை. 2017 ஏப்ரல் 14, புதுவருட நாள், மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 உயிர் போனது. வீடு போனவர்கள், பிள்ளையை இழந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். கொழும்பு முழுக்கக் கழித்ததை இந்த ஊரின் தலையில் கொட்டினார்கள். எண்ணெய்த் தாங்கி இங்கே, வெள்ளம் இங்கே, குப்பை இங்கே. பிள்ளைகள் ஓட ஒரு மைதானம் மட்டும் அங்கேயா? வெள்ளம் நிற்காத, வடிகால் வெட்டிய, மாலையில் விளக்கு எரிகிற ஒரு மைதானத்தை இந்த ஊர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். றக்பிக்கு மட்டும் கேட்கவில்லை. காலையில் முதியவர் நடக்கட்டும், மாலையில் பெண்பிள்ளைகள் ஓடட்டும், ஞாயிற்றுக்கிழமை பந்து பறக்கட்டும்.

மைதானம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏழு பேர் போதும் என்று நெட் ஹேய்க் காட்டிவிட்டார். 11 பேரோடு தொடங்கலாம் என்று பிளேஸ் காட்டிவிட்டார். ஆடத்தான் வேண்டும் என்றும் இல்லை. மத்தியஸ்தருக்குப் படிக்கலாம், கீழ்ப்பிரிவில் மத்தியஸ்தர் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. கோட்டோரத்தில் கொடி பிடிக்கலாம். விரலுக்கு டேப் சுற்றப் பழகலாம். தண்ணீர் வாளி தூக்கலாம். கோடு போடலாம். என் தாத்தா போட்ட மாதிரி நேராகப் போட்டுவிட்டு, அவர் செய்யாததையும் செய்யலாம். கோட்டுக்குள் இறங்கலாம்.

பேச்சு முடிகிறது. பந்து இப்போது யாரிடம்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

கடைசி வரிசையா? சுவரோரத்தில் நிற்கும் தங்கச்சியிடமா? பள்ளிக்கூட உடுப்போடு வந்திருக்கிறா. நல்லது பிள்ளை. அதைத் திருப்பித் தர வேண்டாம், பிடித்துக்கொண்டே இரு. மழை விட்டுவிட்டது, சத்தம் கேட்கவில்லை. எல்லோரும் கதிரைகளை ஓரமாக அடுக்கிவிட்டு வெளியே வாருங்கள். வாசலில் விளக்கு எரிகிறது. அந்தப் பிள்ளையோடு சேர்த்து எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்போம்.